மதுரைக்கு ஒரு குழந்தை ஆதரவு மையம் வேண்டும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டக் குழந்தைகள் நலன் மற்றும் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கொடுத்த மனுவுக்குத் துறை ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கென்று மதுரையில் ஒரு மையம் வேண்டும், போலீஸ், டாக்டர், மனநல ஆலோசகர், வக்கீல் எல்லோரும் அங்கே குழந்தையைத் தேடி வர வேண்டும் என்று அதில் கேட்டிருந்தோம். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் ஏற்கெனவே இயங்குவதால் தனி மையத்துக்கான தேவை எழவில்லை என்று நாலு வரியில் பதில் எழுதிவிட்டார்கள். மனு முடித்துவைக்கப்பட்டதாக என் போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

தேவை எழவில்லை என்று எழுதியவர், இந்த மாவட்டத்தில் ஒரு குழந்தையோடு எஃப்.ஐ.ஆரில் தொடங்கித் தீர்ப்பு வரைக்கும் ஒரு தடவையாவது கூடப் போயிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2021-ல் சிறார் நீதிச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கிற குழந்தைகள் நலக் குழு, குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றின் வேலையைக் கண்காணிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் வந்தது. போலீஸ் ஒரு துறை, ஆஸ்பத்திரி ஒரு துறை, பள்ளிக்கூடம் ஒரு துறை, சமூக நலம் ஒரு துறை. இவர்கள் அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கக்கூடிய ஆள் மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நான் கிராம சுகாதார செவிலியராக உசிலம்பட்டி, சேடபட்டி பக்கத்து ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபராக இருக்கிறேன். வழக்கு முடியும்வரை அந்தக் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் துணையாகப் போவதும், அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்வதும், மாதாமாதம் குழுவுக்கு அறிக்கை தருவதும் என் வேலை. கீழே நான் சொல்லப்போகிற குழந்தைகளின் ஊர், வயது, உறவுமுறை எதையும் உள்ளபடி சொல்லவில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் தெருப்பெயர் ஒன்றைச் சொன்னால் போதும், வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு பெண் குழந்தை. வகுப்பு டீச்சரிடம் முதலில் சொன்னாள். அந்த டீச்சர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார், மறைக்கவில்லை. தலைமையாசிரியை குழந்தையைக் கூப்பிட்டு மறுபடி கேட்டார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போனது, அங்கிருந்து வந்தவர்கள் கேட்டார்கள். அப்புறம் மகளிர் காவல் நிலையம் ஒன்று. அங்கே முதலில் ஏட்டம்மா கேட்டார், பிறகு எஸ்.ஐ. கேட்டார், இன்ஸ்பெக்டர் வந்ததும் அவரும் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் கேட்டார். பெண் டாக்டர் வந்த பிறகு அவர் கேட்டார். பிறகு மாஜிஸ்திரேட், குழந்தைகள் நலக் குழு, ஆலோசகர். குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு அரசு வழக்கறிஞர். கடைசியில் கோர்ட். இடையில் ஒருநாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி அவள் கேட்டாள்: "நர்சம்மா, இன்னும் எத்தனை பேருகிட்டச் சொல்லணும்?"

இதில் கெட்டவர் என்று யாரையும் நான் சொல்ல மாட்டேன். எஸ்.ஐ. அம்மா தன் காசில் பிஸ்கட்டும் பாலும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் அன்றைக்கு ஒரு திருவிழா பந்தோபஸ்திலிருந்து நேரே வந்தவர், யூனிஃபார்மில்தான் இருந்தார். குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது போலீஸ் உடையில் இருக்கக் கூடாது என்பது போக்சோ 24-வது பிரிவு. குழந்தையின் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோ வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். குழந்தையின் வீட்டில் எப்படி வைப்பது? குற்றம் செய்தவர் அடுத்த வீட்டுக்காரர். விரும்புகிற இடம் என்று சட்டம் சொல்லிவிட்டது, அந்த இடம் மதுரையில் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, பல இடங்களில் நடப்பதுதான். எஃப்.ஐ.ஆர். நகலும் போலீஸ் கடிதமும் வந்தால்தான் பார்ப்போம் என்றார்கள். எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம் என்று 27-வது பிரிவு சொல்கிறது. அவசரச் சிகிச்சை தருவதற்கு எந்தக் காகிதத்தையும் முன்நிபந்தனையாகக் கேட்கக் கூடாது என்று 2020-ல் வந்த போக்சோ விதிகள் சொல்கின்றன. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த மணிக்கணக்கு காகிதத்துக்காகக் காத்திருக்காது. நான் விதி நகலை எப்போதும் பையில் வைத்திருப்பேன், எடுத்துக் காட்டினேன், பார்த்தார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் தாயும் பிள்ளையும் மட்டும் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

இன்னொன்றையும் ஒரு செவிலியராகச் சொல்லியாக வேண்டும். கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடல் பரிசோதனையில் காயம் எதுவும் தெரியாது. நாள் கடந்து சொல்கிற குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். ஆக, வழக்கு நிற்பது குழந்தையின் வார்த்தையில்தான். அந்த வார்த்தையை இத்தனை பேர் இத்தனை விதமாகக் கேட்டு வாங்கினால் என்னாகும்? ஒருவரிடம் "சாயங்காலம்" என்றாள், இன்னொருவரிடம் "ராத்திரி" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? குழந்தைமேல் இரக்கம் வேண்டாம், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கூட, குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்பதை நிறுத்தச் சொல்லித்தான் முதலில் போராட வேண்டும்.

நாங்கள் கேட்கிற மையம் ஒன்றும் கனவில் கண்டதல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் 1985-ல் முதல் குழந்தை ஆதரவு மையம் தொடங்கியது. அதற்கு முயற்சி எடுத்தவர் ராபர்ட் கிராமர் என்ற அரசு வழக்கறிஞர். அங்கேயும் அதுவரை நம் ஊர்க் கதைதான்: குழந்தை ஒவ்வொரு அலுவலகமாகப் போய், ஒவ்வொரு அதிகாரியிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வழக்கு நடத்துகிறவருக்கே அது பொறுக்காமல், ஒரு வீட்டைப் பிடித்து எல்லோரையும் அங்கே வரவைத்தார். இன்றைக்கு அந்த நாட்டில் இப்படி 900-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஐஸ்லாந்து 1998-ல் இதையே குழந்தைகள் வீடு என்ற பெயரில் தொடங்கியது. பிறகு ஸ்வீடன், நார்வே, டென்மார்க் என்று பரவியது. வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். சரி, ஹைதராபாத்துக்கு வாருங்கள். அங்கே காவல்துறை 2016-ல் தொடங்கிய பரோசா மையத்தில் போலீஸ், மருத்துவம், சட்டம், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. மதுரையிலிருந்து ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

அந்த மையங்களில் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பதில் எழுதிய துறைக்கு, கட்டடத்தைத்தான் கேட்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டது போலிருக்கிறது.

குழந்தை வந்ததும் ஒரு சின்ன அறை. பயிற்சி பெற்ற ஒரே ஒருவர் அதனிடம் பேசுவார். "அந்த மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்க மாட்டார், அது பதிலை வாயில் ஊட்டுவது. முதலில் பள்ளிக்கூடம், விளையாட்டு என்று பேச்சுக் கொடுப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்தலாம் என்று பழக்குவார். அதன் பிறகு "என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லு" என்பார். குழந்தை நிறுத்தினால் காத்திருப்பார். விசாரணை அதிகாரியும் வழக்கறிஞரும் குழந்தைகள் நலத்துறை ஆளும் அடுத்த அறையில் உட்கார்ந்து திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எதாவது கேட்க வேண்டுமென்றால் பேசுகிறவர் மூலமாகத்தான். எல்லாம் பதிவாகிவிடும். அதே கட்டடத்தில் டாக்டர் பார்ப்பார். பிறகு குழுவாக உட்கார்ந்து, இந்தக் குழந்தை இன்றைக்கு எந்த வீட்டில் தூங்கப்போகிறது, நாளைக்குப் பள்ளிக்குப் போகுமா, யார் தொடர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். வழக்கு முடியும்வரை அந்தக் குழு மறுபடி மறுபடி கூடும்.

நம் சட்டத்தில் ஒலி, ஒளிப் பதிவு உண்டு. பெற்றோரோ குழந்தை நம்புகிற ஒருவரோ உடனிருக்கலாம் என்பது உண்டு. தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரும் சிறப்புக் கல்வியாளரும் வரலாம் என்பதும் உண்டு. மாஜிஸ்திரேட் முன்னால் தரும் வாக்குமூலம் தனி, அதை யாரும் தவிர்க்க முடியாது, அது எனக்கும் தெரியும். கோர்ட்டில் கேள்விகளை வக்கீல்கள் நேரடியாகக் கேட்காமல் நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும், குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது என்று 33-வது பிரிவு இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்று 36-வது பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி மையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொல்லிவிட்டது. சட்டத்தில் குறை என்று நான் சொல்லவே மாட்டேன், ரொம்ப யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிரிவையும் ஒவ்வோர் அலுவலகம் அதனதன் இடத்தில் வைத்து நடத்துகிறது. ஓர் அலுவலகத்துக்கும் அடுத்த அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கிற பஸ் பயணத்துக்கு எந்தப் பிரிவும் பொறுப்பில்லை.

இனி, ஏற்கெனவே மையம் இருக்கிறது என்ற பதிலுக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டம் 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்தது. கணவனிடம் அடிபட்டு நள்ளிரவில் வெளியே வந்த பெண்ணுக்கு அது பெரிய துணை. நானே பலரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்று வகுத்த திட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளும் அதில் வரலாம். ஏழு வயதுப் பிள்ளையிடம் பேசுவதும் முப்பது வயதுப் பெண்ணிடம் பேசுவதும் ஒரே பயிற்சியில் வராது என்பதை அங்கே வேலை பார்க்கிறவர்களே ஒப்புக்கொள்வார்கள். சரி, அதையாவது விட்டுவிடலாம். பையன்கள் எங்கே போவார்கள்?

இந்தக் கேள்விக்கு அந்த நாலு வரியில் பதில் இல்லை. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்ட அறிக்கையில், பாலியல் கொடுமையை அனுபவித்ததாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம் பேர் ஆண் குழந்தைகள். போக்சோ சட்டம் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. ஆனால் நான் கூடப் போன ஒரு பையனை எல்லா இடத்திலும் ஒரு மாதிரி பார்த்தார்கள். காவல் நிலையத்தில் ஒருவர், "ஆம்பளப் பையன்தானே, மறந்துருவான்" என்று அவன் காதில் விழும்படியே சொன்னார். அவன் அப்பாவும் அதையேதான் நினைத்தார். அந்தப் பையன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. வழக்கு இருக்கிறது, அவன் பேச்சுதான் இல்லை.

குடும்பத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியம், இதற்காகவே இந்த மடல் நீண்டாலும் பரவாயில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் சொல்வதுதான்: போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். தெரிந்தவர் என்றால் என்ன? சித்தப்பா, தாய்மாமன், அம்மாவுக்கு வட்டிக்குக் கொடுத்தவர், அப்பாவுக்கு வேலை கொடுக்கிறவர். புகார் கொடுத்த அன்றைக்கே அந்த வீட்டின் வரும்படி நின்றுபோகிறது. நான் சொன்ன பெண் குழந்தையின் தாய் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போகிறவள். விடிவதற்கு முன்னால் போய் மொட்டு எடுத்தால்தான் அன்றைக்குக் கூலி. கோர்ட்டுக்கு வர வேண்டுமென்றால் அந்தக் காலை போய்விடும். கூலி போவதோடு நிற்பதில்லை, அடிக்கடி வராதவளைத் தோட்டக்காரர் வேண்டாமென்று சொல்லிவிடுகிறார். அண்ணன்காரன் பத்தாம் வகுப்பு முடிக்காமல் வேலைக்குப் போய்விட்டான். கொடுமை நடந்தது ஒரு பிள்ளைக்கு, படிப்புப் போனது இன்னொரு பிள்ளைக்கு.

அப்புறம் ஊர். முதலில் யாரும் மிரட்ட மாட்டார்கள், ரொம்ப மரியாதையாகத்தான் வருவார்கள். பெரியவர்கள் நாலு பேர் வந்து திண்ணையில் உட்காருவார்கள். "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும்ல" என்பார்கள். பேசி முடித்துக்கொள்ளலாம், ஒரு தொகை வாங்கித் தருகிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் திருவிழாவுக்குக் கோயில் வரி வாங்க அந்த வீட்டுக்கு ஆள் வராது. வரி வாங்காவிட்டால் அந்தக் குடும்பம் ஊரில் இல்லை என்று அர்த்தம். குற்றம் சாட்டப்பட்டவர் சித்தப்பாவாக இருந்தால் அப்பத்தாவே மருமகளைத் திட்டுவாள், என் மகனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டாயே என்று. வழக்கு ஆறப்போட ஆறப்போடத் தாய் தளர்ந்துபோகிறாள். ஒருநாள் கூண்டில் ஏறி, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுகிறாள். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொள்கிறார்கள். தாயே பிறழ்ந்துவிட்டாள், என்ன பெண் இவள் என்று வராந்தாவில் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது யார், அவள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்பியது யார் என்று எவரும் கேட்கவில்லை.

குழந்தை ஆதரவு மையங்களில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. குடும்பத்துக்கான ஆள். குழந்தை உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது அவர் வெளியே தாயோடு உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு என்ன நடக்கும், அடுத்து என்ன, எப்போது வர வேண்டும், யார் போன் செய்தால் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்குவார். வீட்டு வாடகை, ரேஷன், பள்ளி மாற்றம், மற்ற பிள்ளைகளின் நிலைமை எல்லாம் அவர் கணக்கில் வரும். ஒரு குழந்தை மீண்டு வருமா என்பதில், கொடுமை செய்யாத தாயோ தகப்பனோ அதை நம்பிக் கூட நிற்கிறார்களா என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று இந்தத் துறையில் ஆய்வு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் அங்கே தரும் மனநலச் சிகிச்சையும் குழந்தைக்கு மட்டும் தருவதில்லை. பரவலாகப் பயன்படுத்தும் ஒரு முறையில் வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகள், குழந்தைக்குத் தனியாக, தாய்க்குத் தனியாக, கடைசியில் இருவரையும் சேர்த்துவைத்து. இங்கே பெரும்பாலும் ஒரு தடவை கவுன்சலிங், ஒரு கையெழுத்து, அதோடு சரி.

நம்மிடமும் வழியில்லாமல் இல்லை. சாப்பாடு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு சிறப்பு நிவாரணம் பரிந்துரைக்கலாம், பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் அது கொடுக்கப்பட வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடு தரலாம், சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டால் 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே நான் பார்த்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்வதற்குள் பாதிப் பேர் நகையை அடகு வைத்துவிட்டிருக்கிறார்கள். ஆதரவு நபருக்கான கூலியைப் பற்றியும் அந்த விதிகளில் இருக்கிறது, அதைப் பேச நான் வரவில்லை. ஆனால் இத்தனை துறைகளையும் கோத்துக்கொண்டு ஓடுகிற வேலையை என்னைப் போன்ற தனி ஆட்கள் தலையில் வைத்துவிட்டு, மையத்துக்குத் தேவை எழவில்லை என்று சொன்னால் எப்படி?

காசு இல்லை என்று சொல்வீர்களானால் அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். போலீஸுக்கும் டாக்டருக்கும் ஆலோசகருக்கும் அரசு ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக வேண்டியது ஒரு வீடு, பேசுவதற்குப் பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேர், குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்கள், கேமரா, ஒரு வண்டி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உசிலம்பட்டி என்றாலே பெண் சிசுக்கொலை என்றுதான் வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் மதுரைக்கும் கொண்டுவந்தார்கள். அந்தத் திட்டத்தின் குறை நிறைகளை இன்னொரு நாள் பேசலாம், ஆனால் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று அரசு நினைத்தபோது இடமும் ஆளும் கிடைத்தன. புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். குழந்தைகள் பகுதியில் பிள்ளைகள் எவ்வளவு இயல்பாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! குழந்தைக்கு ஏற்ற இடம் எப்படி இருக்கும் என்பது இந்த ஊருக்குத் தெரியாத விஷயமில்லை.

அதே சமயம், சுவரில் சோட்டா பீம் வரைந்துவிட்டால் குழந்தை நேய மையம் ஆகிவிடாது. ஒரு காவல் நிலையத்தில் அப்படி வரைந்துவைத்த மூலையில் பந்தோபஸ்து ஹெல்மெட்டுகளையும் பிடித்துவந்த சைக்கிள் ஒன்றையும்தான் நான் பார்த்தேன். சோட்டா பீமின் முகம் சைக்கிள் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது.

இனி நான் கேட்பவை.

அந்தப் பதிலைத் திரும்பப் பெற்று, எங்கள் மனுவை மாவட்டக் குழந்தைகள் நலன் மற்றும் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே தனிப் பொருளாக எடுங்கள். காவல்துறை, மருத்துவக் கல்லூரி, பள்ளிக் கல்வி, சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட மனநலத் திட்டம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்கள் அதற்கு வர வேண்டும். ஆதரவு நபர்கள் இருவரையாவது அழையுங்கள். கூட்டத்துக்கு முன் ஒரு சிறு குழுவை ஹைதராபாத்துக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

மையத்துக்கான இடத்தை கோரிப்பாளையம், அண்ணா பேருந்து நிலையம் பக்கமாகத் தேடுங்கள். பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு வழி தெரியும், பெரிய ஆஸ்பத்திரியும் பக்கம். காவல் நிலைய வளாகம் வேண்டாம். வாசல் பலகையில் இது எதற்கான இடம் என்று கொட்டை எழுத்தில் எழுத வேண்டாம். பேசும் அறை, அடுத்த அறையிலிருந்து பார்க்கும் வசதி, பரிசோதனை அறை, சுத்தமான கழிப்பறை, தாய் உட்கார்ந்து ஒரு டீ குடிக்க இடம், இவ்வளவும் இருக்க வேண்டும். ஆண் குழந்தைகளுக்கும் உரியது என்று உத்தரவிலேயே எழுதுங்கள்.

மையம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு மாதத்துக்குள் மாவட்டம் முழுமைக்கும் ஒரே நடைமுறையை எழுத்தில் கொண்டுவாருங்கள். பள்ளியிலும் முதலில் கேட்கிறவரிடமும் குழந்தை சொன்னது போதும், விவரமான விசாரணையைப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே தடவை பதிவோடு செய்ய வேண்டும். போலீஸ் சாதாரண உடையில் வர வேண்டும். எந்த ஆஸ்பத்திரியும் காகிதம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது, அனுப்பினால் யாரிடம் புகார் செய்வது என்ற எண்ணை அவசரப் பிரிவின் சுவரில் ஒட்ட வேண்டும். தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்போதே ஆதரவு நபரின் பெயரும் போன் எண்ணும் தாயின் கையில் போய்ச் சேர வேண்டும்.

சிறப்பு நிவாரணத்துக்கென்று குழந்தைகள் நலக் குழுவின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வருகிற அன்றைக்கே பஸ் செலவும் அன்றைய கூலியும் அங்கேயே கொடுக்கப்பட வேண்டும். கூடப்பிறந்த பிள்ளைகள் யாராவது பள்ளியை விட்டு நின்றிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறைக்கு உத்தரவிடுங்கள். குடும்பத்தை ஊரில் ஒதுக்கிவைத்தாலோ சமரசம் பேசி நெருக்கினாலோ வட்டாட்சியர் அளவில் உடனே விசாரிக்க வேண்டும்.

குழந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்களும் ஒரே வராந்தாவில் காத்திருக்க நேராதபடி தனி இடம் ஒதுக்கக் கேட்டு மாவட்ட நீதிபதி அவர்களுக்கு உங்கள் பெயரில் கடிதம் எழுதுங்கள். நீதிமன்றத்துக்கு நீங்கள் உத்தரவிட முடியாது என்பது தெரியும், கேட்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் பெயரும் அடையாளமும் இல்லாமல், எத்தனை குழந்தைகளுக்கு ஆதரவு நபர் கிடைத்தார், எத்தனை பேருக்குச் சிறப்பு நிவாரணமும் இடைக்கால இழப்பீடும் போய்ச் சேர்ந்தன, எத்தனை வழக்குகள் ஓராண்டைத் தாண்டி நிற்கின்றன என்ற எண்ணிக்கையைப் பொதுவில் வெளியிடுங்கள்.

இந்த மடலுக்குக் குறுஞ்செய்தி வேண்டாம். மேலே கேட்டவற்றில் எதை எந்தத் தேதிக்குள் எந்த அலுவலர் செய்வார் என்று பதவியைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் தாருங்கள். ஏதாவது ஒன்றைச் செய்ய முடியாதென்றால், எந்த விதியின்படி முடியாது என்பதையும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், போக்சோ வழக்குகளில் ஆதரவு நபர்,
உசிலம்பட்டி வட்டம்